மஞ்சள் வைத்த கவுன்

தமயந்திக்குச் சம்பளம் கொடுத்ததே அவளுடைய மூக்குக்காகத்தான். கையும் காலும் முதுகும் அந்த மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் மேசை முன்னால் நிறுத்துவதற்கு. சிரிக்காதீர்கள், நிஜம்.

ஆக்லாந்தில் மனுகாவ் பகுதியைத் தாண்டினால், ஏழெட்டுக் காற்பந்துத் திடல்களை ஒரே தகரக் கூரைக்குள் போட்டு மூடியதுபோல ஒரு கிடங்கு. ஆன்லைனில் துணி விற்கிற கம்பெனி ஒன்றின் கிடங்கு. வேண்டியதை வாங்கிக்கொள், பிடிக்கவில்லையென்றால் முப்பது நாளைக்குள் திருப்பி அனுப்பு, தபால் செலவு எங்களுடையது என்று கம்பெனி ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தது. வாக்குக் கொடுத்தது கம்பெனி, அதைக் காப்பாற்ற நின்றது தமயந்தி. திரும்பி வருகிற ஒவ்வொரு துணியையும் பிரித்து, டேக் இருக்கிறதா, கழுத்தில் மேக்கப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் இரண்டு அக்குளையும் மோந்து பார்க்கவேண்டும். போடாத துணியென்றால் புது உறையில் போட்டு மறுபடியும் விற்பனைக்கு. போட்டதென்றால் காசு கிடையாது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

மணிக்கு நாற்பது உருப்படி. ஒரு நாளைக்கு முந்நூறு. மேசைக்கு மேலே ஒரு திரை. துணியிலுள்ள பார்கோடை ஸ்கேன் செய்துகொண்டே இருக்கும்வரை அது பச்சையாக இருக்கும். ஐந்து நிமிஷம் ஸ்கேன் இல்லையென்றால் மஞ்சள், எட்டு நிமிஷமானால் சிவப்பு. சிவந்தவர்களின் பெயர் மறுநாள் காலையில் சுவரில் தொங்கும். கழிப்பறை கிடங்கின் அந்தக் கோடியில் இருந்தது. போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். இடையில் செய்யவேண்டிய காரியத்துக்குக் கம்பெனி கணக்கில் நிமிஷமே இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவான் என்றைக்காவது மூத்திரம் போயிருப்பானா என்று தமயந்திக்குச் சந்தேகம். அதனால் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். மூன்று மணிக்கு மேல் அடிவயிறு எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வேலைக்காகப் பிறந்தவள் மாதிரிதான் அவள் வாழ்க்கையும் அமைந்திருந்தது. மலேசியாவில், கிள்ளான் பக்கம், ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை. கையுறையைக் காற்றடித்து உப்பவைத்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மெஷினில் ஒரு நாள் வலது மோதிர விரல் மாட்டி, நுனி இரண்டாகப் பிளந்து, தையல் போட்டு ஒட்டியது. அந்த விரலால் எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு கோடு விழும். பிறகு கணவன் நல்லசாமிக்கு நியூசிலாந்தில் வெல்டிங் வேலை கிடைத்தது. பத்து வயது மகள் விஷாலினியையும் கூட்டிக்கொண்டு வந்து லின்ஃபீல்டில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். வெல்டிங் பட்டறை மூடியதும் நல்லசாமி கன்டெய்னரிலிருந்து பெட்டி இறக்கப் போனான். இரண்டே வருஷத்தில் இடுப்பு போயிற்று. இப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. தரையில் மல்லாந்து படுத்தபடி குழம்பு கொதிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டே சமைப்பான். ருசியாகத்தான் சமைப்பான், பாவம்.

வேலை ஏஜென்சி வழியாக இரண்டு வருஷம் அலைந்தாள் தமயந்தி. காலை ஐந்து மணிக்கு மெசேஜ் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அதன் பிறகுதான், 2017 ஆகஸ்டில், கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றால் தொண்ணூறு நாள் ட்ரயல். அதற்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் போ என்றால் போகவேண்டியதுதான். தாண்டிவிட்டால் பெர்மனன்ட் கடிதம்.

அந்தக் கடிதத்துக்குத்தான் வீட்டில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். லின்ஃபீல்ட் வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே இன்னொரு வீடு பார்த்தாயிற்று. வீட்டு ஏஜென்ட் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டில் யாருக்காவது நிரந்தர வேலைக் கடிதம் இருக்கிறதா? நல்லசாமியால் முடியாது. விஷாலினி மனுகாவில் படிக்கிறாள். மிச்சம் இருந்தது தமயந்தியும் அவள் மூக்கும்.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் அது ஆரம்பித்தது. அரக்கு நிறத்தில் ஒரு கவுன். டேக் இருக்கிறது, கறை இல்லை, வாசனையும் பெரிதாக இல்லை. உள்பக்கம் திருப்பினால், கீழ் மடிப்பில் மிளகளவு ஒரு மஞ்சள் புள்ளி.

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணே, இங்க பாருங்களேன்" என்று பக்கத்து மேசைக்குக் காட்டினாள்.

பக்கத்து மேசை நவரத்தினம். யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். லின்ஃபீல்டுக்குப் பக்கத்தில் பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் வீடு. தினமும் தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஓம், மஞ்சள். எங்கட ஆக்கள்தான் ஆரோ சாமிக்கு வச்சு எடுத்திருக்கினம்."

"சாமிக்கு வச்சிட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"போட்டிட்டுத்தான் அனுப்பியிருக்கினம், தங்கச்சி. மஞ்சள் வச்சது பிள்ளைக்குத் தெரியாது. டேக்கைக் கழட்டாதது தாய்க்குத் தெரியாது."

புதுத்துணிக்கு ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் தமயந்தியும் யாருக்கும் கொடுத்ததில்லை. யாரோ ஒரு தாய் கழுத்து வலிக்கக் குனிந்து வைத்த பொட்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பணம் திரும்பக் கிடைக்கட்டுமே, குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள். மேசை துடைக்கிற ஸ்ப்ரேயை ஒரு துணியில் அடித்துப் புள்ளியைத் தேய்த்தாள். திரை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சரியாகப் பார்க்காமலேயே மடித்து, உறையில் போட்டு, நல்ல துணி என்று ஸ்கேன் செய்து பெட்டியில் எறிந்தாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கிற எவளுக்கும் தெரியும். ஸ்ப்ரேயும் அந்த வேலையைத்தான் செய்யும் என்று அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது நாள் அந்தக் கவுனை வாங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண், துணியில் இரத்தம் இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

மேற்பார்வை பார்க்கிற மெலே, தொங்கா தீவுக்காரி. ஆள் பெரிய உருவம், ஒரு முழங்கால் சரியில்லை, பகலெல்லாம் அந்தக் காலை இழுத்துக்கொண்டே கிடங்கை அளப்பாள். கெட்டவள் இல்லை. அவளுக்கும் மேலே ஒரு திரை இருந்தது, அவ்வளவுதான். தமயந்தி என்ற பெயர் வாயில் நுழையாமல் "டமி" என்று கூப்பிடுவாள். துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

"டமி, இது உன்னுடைய நம்பர், 417" என்று புகார்த் தாளை நீட்டினாள். "இது ஒன்று. ட்ரயல் முடிவதற்குள் இன்னொன்று வந்தால் என்னால் எதுவும் செய்ய முடியாது. உனக்கே தெரியும்."

தமயந்தி நாளை எண்ணிப் பார்த்தாள். எண்பத்தைந்தாவது நாள் அது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் நாற்பது பேரை நிற்க வைத்து, மெலே ஒரு கவுனைத் தூக்கிப் பிடித்தாள். உள்பக்க மடிப்பில் மஞ்சள் புள்ளி. "இந்த வாரம் இப்படிப் பதினாலு வந்திருக்கிறது. ஆளுக்கொரு விதமாய் ஸ்கேன் செய்கிறீர்கள். இது என்ன? பூஞ்சையா, பசையா? யாருக்காவது தெரியுமா?"

பின்னாலிருந்து ஒருவன் "கறி!" என்று கத்தினான்; நம் குழம்பு, மசாலா எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்த ஒரே பெயர். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். நவரத்தினம் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் நின்றார். ஆனால் மூக்கைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்ததும் தமயந்திக்கு எங்கிருந்தோ சுருக்கென்று கோபம் ஏறியது. தினமும் உங்கள் எல்லாருடைய அக்குளையும் மோந்து பார்க்கிறவளுக்கு முன்னால் மூக்கைப் பிடிக்கிறாயா?

"கறி இல்லை" என்றாள் தன் ஆங்கிலத்தில். "மஞ்சள். சாமி முன்னால் வைத்து எடுப்போம். புதுத்துணி போடுவதற்கு முன்னால் ஒரு ஓரத்தில் வைப்போம். போடுகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டுமென்று."

சிரிப்பு நின்றது. மெலே அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். "அழகாக இருக்கிறதே" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு முகம் மாறியது. "அப்படியென்றால், வைத்த பிறகு போடுவீர்கள்."

"ஆமாம்."

"வைக்காமல் போடமாட்டீர்கள். போடாமல் வைக்கமாட்டீர்கள்."

மெலே வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: மஞ்சள் புள்ளி என்றால் போட்ட துணி. "நல்ல வேலை, டமி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

காரில் திரும்பி வரும்போது, மனுகாவைத் தாண்டியதும் நவரத்தினம் வெடித்தார்.

"ஏன் தங்கச்சி வாயைத் திறந்தனீங்கள்? தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமெல்லோ! இனி எங்கட பிள்ளையளின்ர சட்டையெல்லாத்தையும் பிடிச்சுப் பிடிச்சு அனுப்பப்போறாங்கள்."

"கறின்னு சொன்னான்ணே."

"சொல்லட்டுமே! சொன்னா என்ன தேய்ஞ்சா போவம்?"

தமயந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் கூடுதலாக எரிந்தது. புதன், வியாழன் இரண்டு நாளில் அவள் கையாலேயே பதினோரு பொட்டுக்குப் "போட்டது" என்று ஸ்கேன் செய்தாள். உறையின் மேல் பெயர்களைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் கண் போகும். அபர்ணா. யுவனேஸ்வரி. ஒவ்வொன்றையும் அனுப்பும்போது மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டு என்ன பிரயோசனம், ஸ்கேன் செய்தது செய்ததுதான்.

வியாழக்கிழமை எண்பத்தெட்டாவது நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் தருவதாக மெலே சொல்லியிருந்தாள். கூரைத் தகரம் சுட்டு, கிடங்கு முழுக்க பிளாஸ்டிக் வெந்த நாற்றம். இரண்டு மணிக்கு மேல் கால் இருப்பதே தெரியவில்லை. அடுத்த பொதியைப் பிரித்தாள். பச்சை நிறத்தில் ஒரு நீள கவுன். டேக் இருக்கிறது. அதைச் சுற்றி லேசாக ஒட்டு டேப்பின் பசை. யாரோ டேக்கை முதுகுக்குள் மடித்து ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். தூக்கி, பழக்கத்தில், அக்குளை மோந்தாள்.

மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. டியோடரண்ட் ஊரெல்லாம் வாங்குகிறதுதான். அதற்கு அடியில் சாம்பிராணி. சாம்பிராணிக்கும் அடியில், பத்தொன்பது வருஷமாய்த் தூக்கி வளர்த்து, காய்ச்சலில் நெஞ்சோடு அணைத்துப் படுத்து, தலை துவட்டிவிட்டு அறிந்த ஒரு வியர்வை. துணியைப் புரட்டி உள்மடிப்பைப் பார்த்தாள். மஞ்சள் பொட்டு. நடுவில் ஒரு கோடு.

மலேசியத் தமிழர் சங்கத் தீபாவளி விருந்துக்கு விஷாலினி போட்டுக்கொண்டு போன கவுன். அன்றைக்கு முழுக்கப் பிள்ளை முதுகுப் பக்கம் கையை விட்டு எதையோ சரி செய்துகொண்டே இருந்தாள். உள்ளாடைக் கொக்கி குத்துகிறதாக்கும் என்று தாய் நினைத்தாள். கோபம் வந்தது. அவமானம் வந்தது. இரண்டையும் தள்ளிக்கொண்டு, பிள்ளை அன்றைக்கு எத்தனை அழகாக இருந்தாள் என்ற நினைப்பும் வந்து தொலைத்தது. திரை மஞ்சளானது.

நவரத்தினம் எட்டிப் பார்த்தார். உறையின் மேலிருந்த பெயரையும் லின்ஃபீல்ட் விலாசத்தையும் படித்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை நீட்டினார்.

"இஞ்ச தாங்கோ. நான் போட்டுவிடுறன். நான் பெர்மனன்ட், என்னை ஒண்டும் செய்யமாட்டினம். பொட்டை வெட்டி எறிஞ்சிட்டு நல்லதெண்டு அடிச்சா முடிஞ்சுது."

இரண்டு நாள் முன்னால் அவள்மேல் எரிந்து விழுந்த மனுஷன். தமயந்திக்குக் கண் நிறைந்தது. கவுன் பாதி தூரம் அவர் மேசைக்குப் போயும்விட்டது. அப்புறம் நின்றது.

"அந்தப் பதினோரு பிள்ளைங்கள என்னா சொல்றதுண்ணே?"

"அதுகளை ஆர் கண்டது?"

"நான் கண்டேன்லா."

நியாயம் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாளா, நாளைக்கு வரப்போகிற கடிதத்துக்குப் பயந்து சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பாதி பாதி என்று வைத்துக்கொள்ளலாம். திரை சிவப்பதற்கு நாற்பது விநாடி இருந்தது. "போட்டது" என்று ஸ்கேன் செய்தாள். மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. அதைக் கவுனின்மேல் வைத்து மடித்தாள். யாருக்கும் மடிக்காத அளவுக்கு ஒழுங்காக மடித்தாள்.

மறுநாள் கடிதம் கைக்கு வந்தது. வாழ்த்துச் சொன்ன மெலே, போகிறபோக்கில், பெர்மனன்ட் ஆட்களுக்கு மணிக்கு நாற்பத்தைந்து உருப்படி என்றும் சொன்னாள். சாயங்காலம் நல்லசாமி தரையில் படுத்தபடியே அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தான். "வீடு கிடைச்சிருச்சுடி" என்றான். தமயந்தி உப்புப் போட்ட வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

விஷாலினி வரும்போதே வாசலில் கிடந்த பொதியைப் பிரித்துக்கொண்டே வந்தாள். "சீரியஸ்லி?" என்றாள். சீட்டைப் படித்தாள். "வோர்னாம், போட்டதாம்! ஸ்டெயினாம்! எங்க ஸ்டெயின்? ஒன்னுமே இல்ல. எவளோ வேலையத்தவ, கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு..."

"என்னா அது?" என்றான் நல்லசாமி.

"ஒன்னுமில்லப்பா. டிரெஸ். எல்லாரும் பண்றதுதான். ஒரு தடவ போடுறதுக்கு எதுக்கு அம்மாகிட்ட காசு கேட்கணும்னுதான்..." பேசிக்கொண்டே கவுனை உள்பக்கம் திருப்பித் தேடினாள். மடிப்பில் கண் நின்றது. சிறிய மஞ்சள் பொட்டு, நடுவில் ஒரு கோடு. சின்ன வயதிலிருந்து அவள் பள்ளிச் சட்டையிலும் பிறந்தநாள் பாவாடையிலும் பார்த்த கோடு. சீட்டை மறுபடி பார்த்தாள். பரிசோதித்தவர்: 417. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அம்மாவின் வேலை அட்டையைப் பார்த்தாள். அதிலும் 417.

"மா... யூ?"

"நான்தான்."

"திருப்பி அனுப்புறது சிட்னிக்குப் போகும்னு நெனைச்சேன்."

"இல்ல. எங்கிட்டதான் வரும்."

"பொட்டைப் பார்த்தா கண்டுபிடிச்சீங்க?"

தமயந்தி பொய் சொல்லியிருக்கலாம். களைத்துப்போன ஆளுக்குப் பொய் சொல்லவும் சோம்பல். "இல்ல. மோந்து பார்த்து."

விஷாலினிக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. அம்மா துணி பேக் பண்ணுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். எல்லாருடையதையுமா என்று கேட்டாள். ஒரு நாளைக்கு முந்நூறு, திங்கட்கிழமையிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட என்றாள் தமயந்தி. பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில், டேப் ஒட்டி மூடிய பொதி ஒன்று, திருப்பி அனுப்புகிற சீட்டோடு.

"இதுல ஒரு டாப்ஸ் இருக்கு மா. சைஸ் பத்தல. போடல. பிராமிஸ், போடவே இல்ல."

"சரிமா. நான் ஒன்னும் கேட்கலையே."

"சும்மா சொன்னேன்."

"இங்க வா" என்று தமயந்தி வாளியிலிருந்து காலை எடுத்து, ஈரத்தோடு எழுந்து நின்றாள். விஷாலினி பொதியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அம்மா அணைத்துக்கொண்டாள். பிள்ளையும் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஆனால் கையைத் தூக்கித் திருப்பி அணைக்கவில்லை. இரண்டு கைகளையும் விலாவோடு இறுக்கி ஒட்டிவைத்துக்கொண்டே நின்றாள்.